தரவுத்தளக் கடவுச்சொற்களின் வலிமையைத் தணிக்கை செய்தல்: முழுமையான வழிகாட்டி

2002ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பைடா என்று பெயர்பெற்ற ஒரு புழுநிரல், இணையத்தில் 1433ஆம் எண் போர்ட் (வலையமைப்பு இணைப்புகள் நுழையும் வாசல்) திறந்திருக்கும் கணினிகளைத் தேடித் தேடிப் பரவியது. மென்பொருளின் நுட்பமான ஓட்டை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் தலைமைக் கணக்கான 'எஸ்ஏ' என்பதற்குக் கடவுச்சொல்லே வைக்காமல் விட்டிருந்த கணினிகளுக்குள் அது நேராக நுழைந்தது. அதன்பின் தரவுத்தள மென்பொருள்கள் வெகுவாக மாறிவிட்டன. நிறுவும்போதே கடவுச்சொல் கேட்கின்றன, அல்லது தாமே ஒன்றை உருவாக்கித் தருகின்றன. ஆனாலும் பாதுகாப்புச் சோதனைகளில் தரவுத்தளக் கணக்குகள் இன்றும் எளிதில் விழுகின்றன. தணிக்கை செய்பவர்கள் அலுவலக மின்னஞ்சல் கடவுச்சொல்லைச் சோதிக்கும் அதே அளவுகோலை இங்கும் வைப்பது அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பெரும்பாலும் மனிதர்கள் தட்டச்சு செய்வதில்லை. வலைச் செயலி, இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், கண்காணிப்பு மென்பொருள், அறிக்கை தயாரிக்கும் கருவி ஆகியவையே நாள்தோறும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நிரலுக்கு மறதி கிடையாது. ஆகவே நினைவில் வைப்பதற்காக எளிய சொல்லைத் தேர்ந்தெடுத்தோம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. அதே வேளையில், நிரல் பயன்படுத்தும் கடவுச்சொல் எங்கோ ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தே தீரும். அதை மாற்றினால் செயலி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் ஆண்டுக்கணக்கில் மாற்றாமலும் விடுவார்கள். எனவே ஒரு தரவுத்தளக் கடவுச்சொல்லின் வலிமையை அதன் எழுத்துகளை மட்டும் எண்ணி முடிவுசெய்ய முடியாது. அது எந்த வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது, வேறு எங்கெல்லாம் எழுதப்பட்டுள்ளது, அதே சொல் எத்தனை இடங்களில் திரும்ப வருகிறது என்பவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். இந்த வழிகாட்டி ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய நான்கு தரவுத்தள மென்பொருள்களையும் முதன்மையாகக் கொண்டு, அந்த அளவீட்டைச் செய்யும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது.

முதல் படி: எழுத்துப்பூர்வமான அனுமதி

தரவுத்தளம் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பெற முடியாதபடி கணக்கிட்ட ஹாஷ் என்னும் வடிவில் சேமிக்கிறது. அந்த ஹாஷ்களை எடுத்து, ஊகங்களோடு ஒப்பிட்டு உடைத்துப் பார்ப்பது, அனுமதி இருந்தால் தணிக்கை, இல்லையென்றால் குற்றம். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 ஆகிய பிரிவுகளும், இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் அனுமதியற்ற அணுகலைத் தண்டனைக்குரியதாக்குகின்றன. அதே நிறுவனத்தில் தரவுத்தள நிர்வாகியாக (டி.பி.ஏ.) பணிபுரிபவருக்கும் இது பொருந்தும். நிர்வகிக்கும் உரிமை இருப்பதாலேயே சக ஊழியர்களின் கடவுச்சொற்களை உடைத்துப் பார்க்கும் உரிமை வந்துவிடாது.

அனுமதிக் கடிதத்தில் எந்தெந்த சர்வர்கள், யார் ஹாஷ்களை எடுப்பார், எந்தக் கணினியில் சோதிப்பார், எத்தனை மணி நேரம் சோதிப்பார், முடிந்ததும் யார் முன்னிலையில் அழிப்பார் என்பவை இடம்பெற வேண்டும். உடைந்த கடவுச்சொல்லை யாராவது கண்ணால் பார்க்கலாமா என்ற கேள்விக்கும் முன்கூட்டியே விடை வேண்டும்; பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்வதே நல்லது. தரவுத்தளம் மேகச் சேவையில் இருந்தால் அந்தச் சேவையின் விதிகளையும் படிக்க வேண்டும். அமேசான் ஆர்டிஎஸ்ஸில் இயங்கும் போஸ்ட்கிரெஸ்ஸில் ஹாஷ்கள் இருக்கும் அட்டவணையை வாடிக்கையாளரின் தலைமைக் கணக்காலும் படிக்க இயலாது என்பதால், அங்கே பின்வரும் படிகளில் சில பொருந்தாமல் போகும்.

இரண்டாம் படி: கணக்கெடுப்பு

இருப்பது தெரியாத சர்வரைத் தணிக்கை செய்ய முடியாது. நிறுவனத்தின் உள்வலையமைப்பில் 1521, 3306, 5432, 1433, 27017, 6379 ஆகிய போர்ட்டுகள் எந்தெந்த முகவரிகளில் திறந்துள்ளன என்று முதலில் பார்க்க வேண்டும். இவை முறையே ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், மாங்கோடிபி, ரெடிஸ் ஆகியவற்றின் வழக்கமான எண்கள். எஸ்க்யூஎல் சர்வரின் கூடுதல் நிறுவல்கள் வேறு எண்ணில் இயங்கக்கூடும் என்பதால், மென்பொருள் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். கணக்கியல் அல்லது வருகைப்பதிவு மென்பொருளோடு சேர்ந்து ஓசையில்லாமல் நிறுவப்பட்ட எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், நிரலாளர் மடிக்கணினியில் உண்மைத் தரவின் நகலோடு ஓடும் கன்டெய்னர் (மென்பொருளைத் தனித்து இயக்கும் பொதி) போன்றவை எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் இரா. தாக்குபவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

சர்வர்கள் தெரிந்தபின் ஒவ்வொன்றிலும் உள்ள கணக்குகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் உரிமையாளர் யார், மனிதரா நிரலா, என்னென்ன அதிகாரங்கள் உள்ளன, எங்கிருந்து இணையலாம், கடவுச்சொல் கடைசியாக எப்போது மாறியது, கணக்கு பூட்டப்பட்டுள்ளதா என்ற விவரங்கள் தேவை. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு கணக்கு என்பது பயனர்பெயரும் அவர் இணையும் இடமும் சேர்ந்தது. ஒரே பெயர் இரண்டு இடங்களுக்கு இரண்டு கணக்காகவும், இரண்டு வேறு கடவுச்சொற்களோடும் இருக்கலாம். உள்ளூர் இணைப்புக்கான ரூட் கணக்கின் கடவுச்சொல் வலுவாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டு, எங்கிருந்தும் இணையலாம் என்னும் விழுக்காட்டுக் குறி போட்ட இன்னொரு ரூட் கணக்கைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நேர்கிறது. 5.7ஆம் பதிப்புக்கு முன் நிறுவப்பட்டுத் தொடர்ந்து மேம்படுத்தப்பட்டு வரும் மைஎஸ்க்யூஎல்லில் பெயரே இல்லாத கணக்குகளும் எஞ்சியிருக்கலாம்.

உரிமையாளர் தெரியாத கணக்கு ஒன்று கிடைத்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. கடவுச்சொல் வலுவானதா என்று பார்ப்பதற்கு முன்பே அதை அறிக்கையில் எழுதிவிடலாம்.

மூன்றாம் படி: கடவுச்சொல்லே தேவைப்படாத வழிகள்

2017 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பணம் கேட்கும் குறிப்பு வைக்கப்பட்டது. அவற்றின் கடவுச்சொற்களை யாரும் உடைக்கவில்லை. உள்நுழைவுச் சோதனையே இயக்கப்படாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தவை அவை. ஆகவே ஹாஷ்களைத் தொடுமுன் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் வழிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் யார் எங்கிருந்து எந்த முறையில் நுழையலாம் என்பதை 'பிஜி எச்பிஏ' என்னும் அமைவுக் கோப்பு தீர்மானிக்கிறது. அதன் வரிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே முடிவு. 'டிரஸ்ட்' என்ற முறை குறிக்கப்பட்ட வரி மேலே இருந்தால், கீழே எவ்வளவு கடுமையான வரிகள் இருந்தாலும் பயனில்லை. கடவுச்சொல் மறந்தபோது தற்காலிகமாகச் சேர்த்து, பின்பு நீக்க மறந்த டிரஸ்ட் வரிகள் ஏராளம். கோப்பைத் திறந்து படிப்பதோடு நிற்காமல், 10ஆம் பதிப்பு முதல் உள்ள 'பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ்' என்ற காட்சியையும் (அட்டவணைபோல் வினவிப் படிக்கக்கூடிய 'வியூ') பார்த்தால் பிழையான வரிகளும் தெரியும்.

மைஎஸ்க்யூஎல்லில் அனுமதி அட்டவணைகளைத் தவிர்த்து இயக்கும் அமைவு எஞ்சியுள்ளதா என்று பார்க்க வேண்டும். உபுண்டு போன்றவற்றில் ரூட் கணக்கின் கடவுச்சொல் புலம் காலியாகத் தெரிவது மட்டும் குற்றமாகாது. அந்தக் கணக்கு இயங்குதளத்தின் அடையாளத்தைக் கொண்டு சாக்கெட் (அதே கணினிக்குள் இயங்கும் இணைப்பு) வழியாக மட்டுமே நுழையும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்கின் உள்நுழைவைச் சரிபார்க்கும் சொருகுநிரலின் பெயரைப் பார்க்காமல் காலிக் கடவுச்சொல் என்று அறிக்கை எழுதினால் டி.பி.ஏ. சிரிப்பார், மற்றக் கண்டுபிடிப்புகளையும் நம்ப மாட்டார். ஆரக்கிளில் சர்வரின் இயங்குதளத்தில் 'டிபிஏ' குழுவில் இருப்பவர் கடவுச்சொல் இன்றித் தலைமை அதிகாரத்தோடு இணையலாம் என்பதால், அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலும் தணிக்கைக்கு உட்பட்டதே.

நான்காம் படி: ஹாஷின் வடிவத்தை அறிதல்

ஒரு கடவுச்சொல் எவ்வளவு வலுவானது என்பது அதை ஊகிக்க எத்தனை முயற்சி வேண்டும் என்பதையும், ஒரு நொடியில் எத்தனை முயற்சி செய்யலாம் என்பதையும் பொறுத்தது. முன்னது கடவுச்சொல்லின் பண்பு. பின்னது ஹாஷ் முறையின் பண்பு. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,883 கோடி. ஒரு நொடிக்கு ஆயிரம் கோடி முயற்சி என்று வைத்துக்கொண்டால் 21 நொடிகளில் அவை அனைத்தும் முடிந்துவிடும். தட்டச்சில் உள்ள 95 குறிகளையும் கலந்த எட்டு எழுத்துக் கடவுச்சொல்லுக்கு அதே வேகத்தில் எட்டு நாள்கள்கூட ஆகாது. அதே வேகம் நொடிக்கு ஒரு லட்சமாகக் குறைந்தால், முதலாவதற்கு 24 நாள்களும் இரண்டாவதற்கு 2,000 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். ஹாஷ் முறையை மாற்றுவதால் மட்டுமே கிடைக்கும் வேறுபாடு இது. பயனர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆரக்கிளின் பழைய முறை, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஒட்டவைத்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, டெஸ் என்னும் பழைய குறியாக்க முறையில் எட்டு பைட் ஹாஷாகச் சுருக்கியது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு அதில் மறைந்துவிடுகிறது. ஒரே கடவுச்சொல் வெவ்வேறு ஹாஷைத் தரும்படி ஒவ்வொரு கணக்குக்கும் சேர்க்கப்படும் தற்செயல் மதிப்பான சால்ட் கிடையாது. 11ஜி பதிப்பு சால்ட் சேர்த்த ஷா-1 முறையைக் கொண்டுவந்தது. 12சி பதிப்பில், கணக்கீட்டைப் பல சுற்றுகள் திரும்பச் செய்து ஊகிப்பதை மெதுவாக்கும் பிபிகேடிஎஃப்2, ஷா-512 ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட முறை வந்தது. சிக்கல் என்னவென்றால், பொருந்துதன்மைக்காக ஒரே கணக்குக்குப் பழைய ஹாஷும் புதிய ஹாஷும் அருகருகே சேமிக்கப்படலாம். தாக்குபவர் எளியதை உடைப்பார். அதில் கிடைத்த சொல்லின் எழுத்து வடிவங்களை மட்டும் மாற்றிப் பார்த்து மற்றதையும் திறந்துவிடுவார். ஹாஷைப் பார்க்காமலேயே இதை அறியலாம். 'டிபிஏ யூசர்ஸ்' காட்சியில் 'பாஸ்வேர்ட் வெர்ஷன்ஸ்' என்ற நெடுவரிசை, 10ஜி, 11ஜி, 12சி என்று எந்தெந்த வடிவங்கள் உள்ளன எனக் காட்டும். அங்கே 10ஜி என்று தெரியும் ஒவ்வொரு கணக்கும் அறிக்கைக்கு உரியது.

மைஎஸ்க்யூஎல்லில் 4.1க்கு முந்தைய 16 எழுத்து ஹாஷ் இன்று அருங்காட்சியகப் பொருள். கண்டால் உடனே அகற்ற வேண்டும். அதன்பின் வந்த 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' முறை நட்சத்திரக் குறியில் தொடங்கி 41 எழுத்துகள் கொண்டது. அது ஷா-1 இருமுறை, சால்ட் இல்லை. 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பு, சால்ட்டோடு 5,000 சுற்று ஷா-256 செய்யும் 'கேஷிங் ஷா2' முறையை இயல்புநிலையாக்கியது. 8.4 பதிப்பில் பழைய முறை இயல்பாகவே முடக்கப்பட்டது, 9.0 பதிப்பில் நீக்கப்பட்டது. சர்வரை மேம்படுத்தியதாலேயே பழைய கணக்குகளின் ஹாஷ் மாறிவிடாது. கடவுச்சொல்லை மீண்டும் அமைக்கும்வரை பழையதே நிற்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸின் கதையும் அப்படியே. பழைய முறையில் கடவுச்சொல்லையும் பயனர்பெயரையும் ஒட்டி ஒருமுறை எம்டி5 செய்வார்கள். இதில் வேகத்தைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உள்நுழைவு நெறிமுறை அந்த ஹாஷையே மூலப்பொருளாகக் கொள்வதால், ஹாஷைத் திருடியவர் கடவுச்சொல்லை உடைக்காமலே, சர்வரோடு இணைய உதவும் கிளையன்ட் மென்பொருளைச் சற்று மாற்றி, அதைக் கொண்டு உள்ளே நுழையலாம். அத்தகைய சர்வரில் நாற்பது எழுத்துத் தற்செயல் கடவுச்சொல் வைத்திருந்தாலும், பேக்கப் கோப்பு கசிந்தால் அது காப்பாற்றாது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பு ஸ்க்ராம்-ஷா-256 முறையைச் சேர்த்தது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பு அதை இயல்புநிலையாக்கியது. வழக்கமான சுற்றுகள் 4,096. 'பிஜி ஆத்ஐடி' அட்டவணையில் ஹாஷின் முன்னொட்டைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல் 2022 வரை சால்ட்டோடு ஒரே ஒரு சுற்று ஷா-512. முறையின் பெயர் கம்பீரமாக ஒலித்தாலும், ஒரே சுற்று என்பதால் ஊகங்களைத் தாமதப்படுத்தாது. இங்கே பாதுகாப்பு முழுவதும் கடவுச்சொல்லின் நீளத்தைத்தான் நம்பியுள்ளது. ரெடிஸ்ஸின் பழைய அமைப்பில் கடவுச்சொல் அமைவுக் கோப்பிலேயே அப்படியே எழுதப்பட்டிருக்கும்; 6ஆம் பதிப்பில் வந்த பயனர் பட்டியலில் சால்ட் இல்லாத ஷா-256. ரெடிஸ் ஒரு நொடியில் மிகப் பல முயற்சிகளுக்கு விடையளிக்கும் வேகம் கொண்டதால், அதற்கு இயந்திரம் உருவாக்கிய நீண்ட கடவுச்சொல்லைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது.

ஐந்தாம் படி: விதிகளும் அவற்றின் ஓட்டைகளும்

ஆரக்கிளில் ஒவ்வொரு கணக்கும் கடவுச்சொல் விதிகளின் தொகுப்பான ஒரு புரொஃபைலின் கீழ் வரும். தொடர்ந்து பத்து முறை தவறினால் பூட்டுவது இயல்புநிலையில் உண்டு. ஆனால் கடவுச்சொல்லின் தரத்தைச் சோதிக்கும் செயற்கூறு காலியாகவே இருக்கும், நாம்தான் இணைக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 'வேலிடேட் பாஸ்வேர்ட்' என்னும் கூறு நிறுவப்பட்டுள்ளதா, அதன் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ஒவ்வொரு உள்நுழைவுக் கணக்குக்கும் விண்டோஸின் கடவுச்சொல் கொள்கையைப் பின்பற்றுமா என்ற அடையாளம் தனித்தனியாக உண்டு. செயலிக் கணக்குகளில் அது அணைக்கப்பட்டிருப்பது வழக்கம். போஸ்ட்கிரெஸ்ஸில் பலமுறை தவறினால் பூட்டும் வசதி அதன் அடிப்படை மென்பொருளில் இல்லை.

இந்த விதிகளைப் படித்துவிட்டுத் தணிக்கையை முடித்துக்கொள்வோர் பலர். அது போதாது. விதி வருவதற்கு முன் வைக்கப்பட்ட கடவுச்சொல்லை விதி தொடாது. மேலும், கடவுச்சொல்லைக் கிளையன்ட் பக்கமே ஹாஷாக்கி அனுப்பினால், தரம் சோதிக்கும் கூறுகளால் அதன் நீளத்தைக்கூட அறிய முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளை முனையில் கடவுச்சொல் மாற்றும் வழக்கமான கட்டளை, பாதுகாப்புக்காக அப்படித்தான் ஹாஷாக்கி அனுப்புகிறது. ஆக, நல்ல நோக்கம் கொண்ட இரண்டு வசதிகள் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்கின்றன.

ஆறாம் படி: ஹாஷ்களை எடுத்தல்

உள்நுழைவுப் பக்கத்தில் ஊகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிச் சோதிப்பது, உற்பத்திச் சர்வரில் (உண்மையான பணி ஓடும் சர்வரில்) செய்யத் தகாத செயல். கணக்கு பூட்டப்படும், பூட்டப்பட்டது செயலியின் கணக்கு என்றால் வாடிக்கையாளர் சேவையே நிற்கும். எச்சரிக்கை அமைப்பு விழித்துக்கொள்கிறதா என்று அறிய விரும்பினால், அதற்கென்றே உருவாக்கிய ஒரு சோதனைக் கணக்கில் சில முயற்சிகள் செய்து பார்க்கலாம். வலிமையை அளப்பது ஹாஷ்களை வெளியே எடுத்துத் தனிக் கணினியில்தான் நடக்க வேண்டும்.

எடுப்பவர் டி.பி.ஏ.வாக இருப்பதே முறை. தணிக்கையாளருக்குத் தலைமை அதிகாரம் கொடுப்பது தேவையற்ற இன்னொரு அபாயம். எடுத்த கோப்பை உடனே குறியாக்கம் செய்து, வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட கணினிக்கு மாற்ற வேண்டும். பயனர்பெயர்களை மறைத்து எண்களாக்கிக் கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சால்ட் கொண்ட முறைகளில் அது சரி. ஆரக்கிளின் பழைய ஹாஷிலும் போஸ்ட்கிரெஸ்ஸின் எம்டி5 ஹாஷிலும் பயனர்பெயர் கணக்கீட்டின் ஒரு பகுதி என்பதால், அதை மறைத்தால் சோதிக்கவே இயலாது.

எஸ்க்யூஎல் சர்வருக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. ஒரு சொல்லையும் சேமித்த ஹாஷையும் கொடுத்தால் பொருந்துகிறதா என்று சொல்லும் 'பிடபிள்யூடி கம்பேர்' என்ற செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. காலிக் கடவுச்சொல், பயனர்பெயரே கடவுச்சொல், மிகப் பொதுவான சில நூறு சொற்கள் ஆகியவற்றை ஹாஷை வெளியே எடுக்காமலே இதைக்கொண்டு சரிபார்க்கலாம். சிறிய நிறுவனங்களுக்கு இதுவே போதுமான தொடக்கம்.

ஏழாம் படி: சோதித்தல்

கருவியை இயக்குமுன் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் நேட்டிவ் முறையில் சால்ட் இல்லாததால், ஒரே கடவுச்சொல் எப்போதும் ஒரே ஹாஷைத் தரும். எல்லாச் சர்வர்களின் ஹாஷ்களையும் ஒன்றாக அடுக்கி, திரும்ப வருபவற்றைத் தொகுத்தால், ஒரு சொல்லைக்கூட உடைக்காமல் எந்தெந்தக் கணக்குகள் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்கின்றன என்று தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் எம்டி5இல் பயனர்பெயரும் ஒன்றாக இருந்தால் இது நடக்கும்; சோதனைச் சூழலிலும் உற்பத்தியிலும் செயலிக் கணக்கின் பெயர் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இந்த ஒப்பீடு நன்றாகப் பலன் தருகிறது. சோதனைச் சர்வரின் கடவுச்சொல்லே உற்பத்திக்கும் என்பது தெரிந்தால், அந்தச் சொல் எவ்வளவு நீளமானது என்பதற்கு அதன்பின் பெரிய பொருள் இல்லை. நிரலாளர் அனைவருக்கும் தெரிந்த சொல் அது.

அடுத்து, மென்பொருளோடு வரும் இயல்புநிலைக் கடவுச்சொற்கள். ஆரக்கிளின் 'ஸ்காட்' கணக்கும் அதன் 'டைகர்' என்ற கடவுச்சொல்லும் உலகப் புகழ் பெற்றவை. முன்னது தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயர், பின்னது அவர் வீட்டுப் பூனையின் பெயர். வேடிக்கையான இந்த இணையைவிட ஆபத்தானவை, 'சிஸ்டம்' கணக்குக்கு 'மேனேஜர்', 'டிபிஎஸ்என்எம்பி' கணக்குக்கு அதே பெயர் என்பன போன்ற பழைய இயல்புநிலைகள். 11ஜி முதல் இதற்கென்றே 'டிபிஏ யூசர்ஸ் வித் டெஃப்பிடபிள்யூடி' என்ற காட்சி உண்டு. இயல்புநிலைக் கடவுச்சொல் மாறாத கணக்குகளை அதுவே பட்டியலிடும். பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் உருவாக்கிய கணக்குகளுக்கு அவற்றின் நிறுவல் கையேட்டைப் பார்த்துப் பட்டியலை நாமே தயாரிக்க வேண்டும்.

அதன்பின்பே ஹாஷ்கேட் அல்லது ஜான் த ரிப்பர் போன்ற கருவிகள். எடுத்த எடுப்பிலேயே எல்லா எழுத்துக் கூட்டுகளையும் முயல்வது நேர விரயம். மனிதர்கள் எப்படிச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பின்தொடர வேண்டும். நிறுவனத்தின் பெயர், திட்டத்தின் பெயர், தயாரிப்புகள், ஊர், சர்வரின் பெயர், தரவுத்தளத்தின் பெயர் ஆகியவற்றைக் கொண்ட சிறிய அகராதி ஒன்றை முதலில் உருவாக்க வேண்டும். நம் பகுதி அலுவலகங்களில் ஊர்ப் பெயர், தெய்வப் பெயர், குழந்தையின் பெயர் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, முதலெழுத்தைப் பெரிதாக்கி, @ குறியும் 123 அல்லது ஆண்டும் சேர்ப்பது மாறாத வழக்கம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி நான்கும் கேட்கும் விதியை இது முழுமையாக நிறைவேற்றுகிறது. அகராதிக்கு முன் சில நிமிடம்கூட நிற்பதில்லை. வெளிநாட்டில் தொகுத்த அகராதிகளில் நம் பெயர்கள் குறைவாகவே இருக்கும் என்பதால், இந்தப் பட்டியலை உள்ளூர்க்காரர்தான் எழுத வேண்டும்.

பொதுவான அகராதிக்கு, 2009 டிசம்பரில் ராக்யூ நிறுவனத்திலிருந்து கசிந்த பட்டியலே இன்றும் தொடக்கப்புள்ளி. கடவுச்சொற்களை ஹாஷ் செய்யாமல் அப்படியே சேமித்திருந்த ஒரு தரவுத்தளத்திலிருந்து 3.2 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் வெளியேறின. திரும்ப வருபவற்றை நீக்கினால் சுமார் 1.4 கோடி வெவ்வேறு சொற்கள். அவற்றோடு முதலெழுத்தைப் பெரிதாக்குதல், எழுத்துக்குப் பதில் எண் இடுதல், இறுதியில் ஆண்டைச் சேர்த்தல் போன்ற மாற்று விதிகளை இணைத்து ஓட்ட வேண்டும். கடிதத்தில் குறித்த நேரம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களையும் உடைத்துவிட வேண்டும் என்பதல்ல நோக்கம். நியாயமான முயற்சியில் விழுபவை எவை என்று அறிவதே நோக்கம்.

முடிவைப் பதிவு செய்யும்போது சொல்லை எழுதாமல் வகையை மட்டும் எழுத வேண்டும். 'பயனர்பெயரே கடவுச்சொல்', 'இயல்புநிலை மாறவில்லை', 'ஊர்ப் பெயரும் ஆண்டும்', 'கசிந்த பட்டியலில் உள்ளது' என்ற அளவு போதும்.

எட்டாம் படி: கடவுச்சொல் வேறெங்கே எழுதப்பட்டுள்ளது

தணிக்கையில் அதிகம் பலன் தருவதும் அதிகம் தவிர்க்கப்படுவதும் இந்தப் படியே. ஒவ்வொரு செயலிக் கணக்குக்கும் அதன் கடவுச்சொல் இருக்கும் கோப்பைக் கண்டுபிடித்து, அதை யார் யார் படிக்கலாம் என்று பார்க்க வேண்டும். வலைச் செயலியின் அமைவுக் கோப்பு, சூழல் மாறிகள், பேக்கப் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் க்ரான் பட்டியல், டி.பி.ஏ.வின் வீட்டு அடைவில் உள்ள கிளையன்ட் அமைவுக் கோப்புகள், கட்டளை முனையின் வரலாறு ஆகியவை வழக்கமான இடங்கள். கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லைக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் ஓடும்போது, அதே கணினியில் இருப்பவர்கள் இயங்கும் செயல்களின் பட்டியலில் அதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தை அதன் முழு வரலாற்றோடும் தேட வேண்டும். கோப்பை நீக்கிப் புதிய பதிவு இட்டாலும் பழைய பதிவுகளில் கடவுச்சொல் அப்படியே இருக்கும். அதற்குரிய ஒரே தீர்வு கடவுச்சொல்லை மாற்றுவதே. போஸ்ட்கிரெஸ்ஸில் கட்டளைகளைப் பதிவுசெய்யும் அமைவு இயக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் மாற்றும் கட்டளை வெளிப்படையாகவே பதிவுக் கோப்பில் விழும். அந்தப் பதிவுகளை மையச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் நிறுவனங்களில் அது மேலும் பல கைகளுக்குப் போகிறது. மைஎஸ்க்யூஎல் 5.6 முதல் தன் பதிவுகளில் கடவுச்சொல்லை மறைத்து எழுதுகிறது. பேக்கப் கோப்புகளையும் மறக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ஸின் முழுச் சர்வர் பேக்கப்பில் எல்லாக் கணக்குகளின் ஹாஷ்களும் அடங்கும். அந்தக் கோப்பு அனைவரும் படிக்கும் பகிர்வு அடைவில் கிடந்தால், நாம் ஆறாம் படியில் இவ்வளவு கவனமாக எடுத்த பொருள் ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது என்று பொருள்.

ஒன்பதாம் படி: தரமிடுதலும் திருத்தமும்

உடைந்த கடவுச்சொற்களின் விழுக்காட்டை அறிக்கையின் முதல் வரியில் போடுவது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதனால் யாருக்கும் வேலை தெளிவாகாது. ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் அந்தக் கணக்கின் அதிகாரம், அது எங்கிருந்து அணுகப்படலாம் என்பவற்றோடு சேர்த்துத் தரமிட வேண்டும். ஒரு அட்டவணையை மட்டும் படிக்கக்கூடிய உள்ளூர்க் கணக்கின் எளிய கடவுச்சொல், எங்கிருந்தும் இணையக்கூடிய தலைமைக் கணக்கின் ஓரளவு வலுவான கடவுச்சொல்லைவிடப் பின்னே நிற்க வேண்டும்.

திருத்தப் பரிந்துரையில் முன்பிருந்த வழக்கங்கள் சிலவற்றைக் கைவிடலாம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தன் 800-63பி ஆவணத்தில், கட்டாயக் குறிக் கலவையையும் காரணமின்றிக் காலமுறையில் மாற்றச் செய்வதையும் விலக்கி, நீளத்தையும் கசிந்த பட்டியல்களோடு ஒப்பிடுவதையும் வலியுறுத்துகிறது. அட்டைப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை, 4.0ஆம் பதிப்பிலிருந்து குறைந்தது 12 எழுத்துகள் கேட்கிறது. இவை மனிதர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிரல் பயன்படுத்தும் கணக்குக்கு 32 எழுத்துகளுக்குக் குறையாத தற்செயல் சொல்லை இயந்திரமே உருவாக்கி, ரகசியக் காப்பகத்தில் வைத்து, ஒவ்வொரு சூழலுக்கும் வேறாகத் தருவதே ஏற்கத்தக்கது.

மாற்றினால் செயலி நிற்கும் என்ற அச்சத்துக்கு இப்போது விடை உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல் ஒரு கணக்குக்குப் பழைய கடவுச்சொல்லையும் புதியதையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வைத்திருக்கலாம். எல்லாச் செயலிகளும் புதியதற்கு மாறியபின் பழையதை நீக்கலாம். ஆரக்கிளிலும் 19.12 முதல் புரொஃபைலில் மாற்றக் கால அவகாசம் குறிக்கும் இதே போன்ற வசதி உள்ளது. போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த வசதி இல்லாததால், ஒரே அதிகாரம் கொண்ட இரண்டு கணக்குகளை உருவாக்கி மாறி மாறிப் பயன்படுத்துவது நடைமுறையில் உதவுகிறது. அங்கே ஸ்க்ராமுக்கு மாறும் வரிசையும் முக்கியம். முதலில் செயலிகளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் இயக்கிகள் ஸ்க்ராமை ஆதரிக்கின்றனவா என்று சரிபார்த்து, குறியாக்க அமைவை மாற்றி, ஒவ்வொரு கடவுச்சொல்லையும் புதிதாக அமைத்து, கடைசியில்தான் எச்பிஏ கோப்பில் எம்டி5 வரிகளை மாற்ற வேண்டும். எம்டி5 என்று எழுதிய வரி, சேமித்த ஹாஷ் ஸ்க்ராமாக இருந்தால் தானே ஸ்க்ராமைப் பயன்படுத்தும் என்பதால், இடைக்காலத்தில் எதுவும் தடைப்படாது.

பத்தாம் படி: மறுசோதனையும் அழிப்பும்

திருத்தம் முடிந்ததாக டி.பி.ஏ. தெரிவித்தபின் ஹாஷ்களைப் புதிதாக எடுத்து நான்காம், ஏழாம் படிகளை மட்டும் மீண்டும் செய்ய வேண்டும். கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் இறுதி எண்ணை ஒன்று கூட்டிவிட்டு மாற்றியதாகச் சொல்லும் பழக்கம் பரவலானது; முதற்சுற்றில் விழுந்த சொற்களின் இத்தகைய திரிபுகளை முதலில் முயல வேண்டும். அதற்காக முதற்சுற்றில் உடைந்த சொற்கள், மறுசோதனை முடியும்வரை அந்தத் தனிக் கணினியில் குறியாக்கத்தோடு இருக்கலாம் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக்கொள்வது பின்னால் வரும் வாதங்களைத் தவிர்க்கும்.

மறுசோதனைக்குப் பின் ஹாஷ் கோப்புகள், அகராதி, கருவி தானே சேமித்து வைக்கும் முடிவுக் கோப்பு ஆகியவற்றை அழித்து, கடிதத்தில் குறிக்கப்பட்டவர் முன்னிலையில் கையொப்பம் பெற வேண்டும். ஹாஷ்கேட் உடைத்த சொற்களைத் தன் 'பாட்ஃபைல்' என்னும் கோப்பில் இயல்பாகவே சேர்த்து வைக்கும். அது திட்ட அடைவுக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதால் தேடி அழிக்க வேண்டும். அடுத்த தணிக்கைக்கு வைத்திருக்க வேண்டியவை, கணக்குப் பட்டியலும், ஒவ்வொரு கணக்கின் ஹாஷ் வடிவமும், கடைசியாக மாறிய நாளும் மட்டுமே.